போன ஜூன் மாதத்து அழகுமலைக்கு

சக்குபள்ளம்
24-6-1956

அன்புத் தம்பி அழகுமலைக்கு அக்காள் பூமாரி எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை. மழைதான் லயத்துக் கூரையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. நீ ரயிலில் வாந்தி எடுத்தாயா என்று அம்மா தினம் கேட்கிறாள். பதில் எழுது.

பஸ் கிளம்பிய அவசரத்தில் சொல்ல வேண்டியதில் பாதியை விழுங்கிவிட்டேன். இப்போது கேட்டுக்கொள். நம் எஸ்டேட் ஏலக்காய் வாங்க வருகிற ஹக்கீம் ராவுத்தர் தன் கடை மாடியில் உன்னைச் சும்மா தங்கவிடுகிறார். சோறும் அவர் வீட்டில். அந்த மனுஷரிடம் அது இல்லை இது இல்லை என்று வாயைத் திறக்காதே.

குளிருக்கு என் கம்பளியைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். போர்த்திக்கொள்.

இன்னொன்று. நாம் யாரிடமும் கெஞ்சிப் பழகாதவர்கள். அப்பாவை நினைத்துக்கொள். ஒருநாள் பிரட்டுக்குப் பிந்திப் போனார். காலையில் பேர் கூப்பிட்டு முடிந்துவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது, உனக்கே தெரியும். மற்றவர்கள் கங்காணியைச் சுற்றி ஐயா ஐயா என்று நின்றார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிவிட்டார். மறுநாள் முதல் ஆளாக நின்றார். 'மொக்கையன் மாதிரி ஆளு கெடையாதுப்பா' என்று கங்காணியே சொன்னாராம். காலேஜிலும் பேர் கூப்பிடுவார்களாமே. நேரத்துக்குப் போ. பிந்தினால் பல்லைக் காட்டிக்கொண்டு வாசலில் நிற்காதே.

இந்த ஒரு வருடப் பரீட்சையைத் தாண்டிவிட்டால் உனக்கு உத்தியோகம் உண்டு. தாண்டாவிட்டால் மாரப்பக் கங்காணி உன் பேரைப் பிரட்டில் எழுதக் காத்திருக்கிறார். 'மீச மொளச்ச பய லயத்துல சும்மா இருக்கப்படாது ராமுத்தாயி' என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. மறக்காதே.

உன் நல்ல சேதிக்குக் காத்திருக்கும்,
அக்காள் பூமாரி

*

பாலக்காடு
8-7-1956

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, தம்பி அழகுமலை வணக்கத்துடன் எழுதும் கடிதம். இங்கு நான் சுகம். தங்கள் சுகத்தையும் அம்மாவின் சுகத்தையும் அறிய ஆவல்.

ரயிலில் வாந்தி எடுக்கவில்லை. பொள்ளாச்சியில் லேசாக வந்தது, அவ்வளவுதான். இந்த ஊரில் மழை பெய்யும்போதும் வேர்க்கிறது. தாங்கள் கொடுத்த கம்பளியை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்கிறேன்.

ராவுத்தர் நல்ல மனிதர். இரவில் கடையை வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு மூட்டைகள் காவல், மூட்டைகளுக்கு நான் காவல். காலையில் கடையாள் பரீது அண்ணன் சாவியோடு வந்த பிறகுதான் நான் இறங்க முடியும். சட்டையெல்லாம் ஏலக்காய் வாசம். பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் கல்பாத்திப் பையன், 'ஆத்துல இன்னிக்குப் பாயசமாடா?' என்று கேட்டான்.

காலேஜில் முதல் மணியில் பேர் கூப்பிடுகிறார்கள். அப்படியே பிரட்டுதான். பேருக்குப் பதில் நம்பர், அது ஒன்றுதான் வித்தியாசம். தாங்கள் சொன்னபடியே நடந்துகொள்கிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
மொ. அழகுமலை

*

சக்குபள்ளம்
19-8-1956

அடே தம்பி, நலமாயிரு. நாங்களும் அப்படியே.

மதிப்பிற்குரிய, தங்கள், அவர்கள்! கங்காணி வீட்டம்மாளுக்கு வந்த கடிதத்தைத் தபால்காரர் நம் வாசலில் போட்டுவிட்டாரோ என்று முதலில் பயந்துபோனேன். என்னை இனி நீங்கள் என்று எழுதினால் பதில் வராது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'யாரு புள்ள இது?' என்றாள்.

காய் எடுப்பு தொடங்கிவிட்டது. நாள் முழுக்கச் செடியடியில் குத்த வைத்துக் குனிந்து எடுத்தால் சாயங்காலம் நிமிர முடிவதில்லை. அட்டைக்கடி வேறு. சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போகிறேன், மழைக்கு அது போதும்.

என்ன பாடம் நடத்துகிறார்கள்? அதை எழுது. பாயசக் கதை போதும்.

அக்காள் பூமாரி

*

பாலக்காடு
30-9-1956

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலம். உனக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா? பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

பரீது அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இரவெல்லாம் அழுகிறதாம். பாவம், காலையில் கடைக்கு வரும்போது கண் சிவந்து வருகிறார். சில நாள் வெயில் ஏறியே வருகிறார்.

இந்த ஊரில் பார்க்க நிறைய இருக்கிறது. கோட்டையைச் சுற்றி அகழியில் தண்ணீர் நிற்கிறது, கரையில் உட்கார்ந்தால் ஆமை தலையை நீட்டும். கல்பாத்தி ஆற்றில் மதியத்துக்கு முன் கூட்டம் குறைவு. வெயில் ஏறியதும் பொள்ளாச்சி வண்டி வரும். இறங்குகிறவர்களில் நம் பக்கத்து முகம் யாராவது தெரிகிறதா என்று பார்ப்பேன். எஞ்சினைத் திருப்பி மாட்டுவதை ஒருநாள் முழுக்கப் பார்த்தேன். ஆனாலும் என்னவோ, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை அக்கா. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

பாடம் நடக்கிறது. கவலைப்படாதே.

உன் தம்பி,
அழகுமலை

*

சக்குபள்ளம்
11-11-1956

அன்புத் தம்பிக்கு, இங்கே எல்லோரும் சுகம். அம்மா இருமல் இருக்கிறது, போகும்.

நீ இங்கிருந்து போனபோது வேறு ராஜ்யத்துக்குப் போனாய். இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து பாலக்காடும் நாமும் ஒரே ராஜ்யமாம். நீ படித்த கம்பம் பள்ளிக்கூடம் மட்டும் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கணக்குப்பிள்ளை சொன்னார். அட்டைக்குத்தான் இதெல்லாம் தெரியவில்லை, அது பழையபடியே கடிக்கிறது.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அதில் ஆமை இருக்கிறது, எஞ்சின் இருக்கிறது. வாத்தியார் ஒருவரைக் கூடக் காணோம். வெயில் ஏறினதும் பொள்ளாச்சி வண்டி வரும் என்கிறாய். அந்த நேரத்தில் நீ எங்கே இருக்க வேண்டியவன்? ஞாயிற்றுக்கிழமையா? ஒரு வாரத்துக்கு எத்தனை ஞாயிறு வருகிறது உங்கள் பாலக்காட்டில்?

எனக்குப் பொய் எழுதாதே. எழுதாமலும் இருக்காதே.

பூமாரி

*

பாலக்காடு
13-1-1957

அன்புள்ள அக்காவுக்கு, அம்மாவுக்கும் உனக்கும் என் பொங்கல் வணக்கம். நான் நலமாகவே இருக்கிறேன்.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் படிப்பு. மார்ச் மாதம் யூனிவர்சிட்டி பரீட்சை. இப்போது நாள் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஒரு நல்ல சேதி. ராவுத்தரிடம், காலையில் நான் வெளியே வரப் பின்கதவுச் சாவி கிடைக்குமா என்று கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். 'ஏங்கண்ணு, இதெ மொதல்லயே கேக்கறதுக்கென்ன? உன்னையப் பூட்டி வெச்சிட்டு நான் ஊட்டுல நிம்மதியாத் தூங்கியிருக்கேன் பாரு!' என்றார். அன்றைக்கே சாவி கொடுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்துக் கேட்டேன் அக்கா. என்மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

நீ முன் கடிதத்தில் கேட்டதற்குப் பரீட்சை முடிந்து நேரில் பேசுவோம்.

அழகுமலை

*

சக்குபள்ளம்
3-2-1957

அன்புத் தம்பிக்கு ஆசீர்வாதம். எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை.

நேரில் பேசுவோம் என்றால் நல்ல சேதி இல்லை என்று எனக்குத் தெரியாதா? போகட்டும், பரீட்சை நேரத்தில் உன்னைக் குடைய மாட்டேன்.

அடுத்த லயத்துச் செபமாலையம்மாளின் மகன் சுவக்கீனை உனக்கு நினைவிருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டு திரிவானே. அவன் வருகிற ஜூனில் காலேஜுக்குப் போகிறானாம். அந்த அம்மாள் என்னைக் கண்டால் விடுவதில்லை. 'ஒந்தம்பிக்கு எழுதிக் கேளு பூமாரி. போறதுக்கு முன்னாடி எம்புள்ள என்னென்ன தயார் பண்ணிக்கணும்? நாங்க என்னத்தக் கண்டோம்?' என்கிறாள். போனவனுக்குத்தானே வழி தெரியும்? நாலு வரி எழுதிப் போடு. அவளுக்கு நானே படித்துக் காட்டுகிறேன்.

அக்காள் பூமாரி

*

பாலக்காடு
10-2-1957

அன்புள்ள அக்காவுக்கு, நலம். நான் சுகம் விசாரித்ததாக அம்மாவிடமும் செபமாலையம்மாளிடமும் சொல்.

சுவக்கீனுக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். அவன் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. போன ஜூனில் குமுளியில் பஸ் ஏறினானே ஒருத்தன், எண்ணெய் வழிய, கம்பளி மூட்டையும் கையுமாக, அவன் முகம்தான் வந்தது. அவனுக்கே எழுதிவிட்டேன். சுவக்கீனுக்கும் பொருந்தும்.

தம்பி அழகுமலை, கம்பளி எடுத்து வராதே. இங்கே அது தலையணைக்குத்தான் ஆகும், அங்கே அக்கா மழையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நனைகிறாள்.

வாத்தியார் எதிரே வந்தால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதையோரம் இறங்கி நிற்காதே. துரைக்கு நிற்பது போல நீ நிற்பாய், அவர் பயந்துபோய்ப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். வகுப்பே சிரிக்கும். கையைக் குவித்து ஒரு வணக்கம் போதும்.

இங்கிலீஷ் வேகமாக ஓடும். முதல் மாதம் ஒன்றும் பிடிபடாது. உனக்கு மட்டும்தான் என்று நினைப்பாய். பக்கத்தில் இருப்பவனுக்கும் பிடிபடாது, அவன் தலையை ஆட்டிக்கொண்டிருப்பான். நீயும் ஆட்டு, அப்புறம் அவனிடம் போய்க் கேள்.

பூட்டிய வீட்டில் இருந்தால் சாவி கேள். சாவி கேட்பது குறை சொல்வதாகாது. மனிதர்கள் கெட்டவர்களாக இருந்து நம்மைப் பூட்டி வைப்பதில்லை, நாம் சொல்லாததால் அவர்களுக்குத் தெரிவதில்லை.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். காலேஜ் பிரட்டு இல்லை. முதல் மணிக்குப் பேர் கூப்பிட்டு முடிந்துவிட்டால் நாள் போய்விடாது. போவது அந்த ஒரு மணிதான். அடுத்த மணிக்கு அடுத்த வாத்தியார் வருவார், அவர் மறுபடி பேர் கூப்பிடுவார். ஆகையால் பிந்தினால் திரும்பிப் போகாதே. வாசலில் நில். 'மே ஐ கமின் சார்' என்று கேள். இந்த வாக்கியத்தை ஏலச்செடிக்கு நடுவில் நின்று கத்திப் பழகிக்கொண்டு வா, இங்கே வந்தால் தொண்டை திறக்காது. சிலர் முறைப்பார்கள், பலர் தலையை அசைத்து உள்ளே விடுவார்கள். இது யாருக்கும் சொல்லித் தர வேண்டாத விஷயம் என்று இங்கே எல்லோரும் நினைக்கிறார்கள். அதனால்தான் யாரும் உனக்குச் சொல்ல மாட்டார்கள். டிசம்பரில் ஒருநாள் அந்தக் கல்பாத்திப் பையன் தற்செயலாகக் கேட்பான்: 'ஏன்டா, வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறயே, அடுத்த மணிக்கு வரப்படாதோ?' அதற்குள் காலம் கடந்திருக்கும்.

ரயில் பார்க்கப் போகாதே. ஒருநாள் பார்த்தால் அழகாக இருக்கும்.

அழகுமலை

*

சக்குபள்ளம்
17-2-1957

தம்பி, செபமாலையம்மாள் வீட்டு அடுப்படியில் உன் கடிதத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். துரை கதைக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'பிந்தினால் திரும்பிப் போகாதே' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். 'ஏம்மா நிறுத்திட்ட, பொக கண்ணுல பட்டிருச்சா?' என்றாள். ஆமாம் என்றேன்.

எத்தனை நாள் திரும்பிப் போனாய்? என்ன ஆகும்? சுற்றி வளைக்காமல் எழுது.

பூமாரி

*

பாலக்காடு
21-2-1957

அக்கா, நலம் விசாரிக்கக் கை ஓடவில்லை.

வாரத்தில் பாதி நாள் திரும்பியிருக்கிறேன். சாவி வந்த பிறகு ஒருநாள் கூடத் தவறவில்லை. ஆனால் வருகை குறைந்தவர்களின் பேரைப் பலகையில் ஒட்டிவிட்டார்கள், அதில் என் பேரும் இருக்கிறது. பரீட்சைக்கு உட்கார விட மாட்டார்கள். வீட்டுப் பெரியவர் யாராவது இந்த மாதக் கடைசிக்குள் நேரில் வந்து காரணம் சொன்னால், பிரின்ஸிபால் ஏற்றுக்கொண்டு மேலே எழுதலாம். எழுதாமலும் போகலாம். ராவுத்தர் வருகிறேன் என்றார். காரணம் கேட்டால் பூட்டைச் சொல்ல வேண்டும், சோறு போட்டவரைக் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனமில்லை.

நீ வராதே. அங்கே வாசலில் நின்று கெஞ்ச வேண்டியிருக்கும். மொக்கையன் மகள் அப்படி நிற்பதை என்னால் பார்க்க முடியாது. பரீட்சை போனால் போகிறது, நான் வந்து கங்காணியிடம் பேர் கொடுக்கிறேன்.

யாரும் சொல்லிக்கொடுத்து நான் திரும்பிப் போகவில்லை. என் புத்தி அப்படி. அதை மட்டும் நீ நம்ப வேண்டும்.

அழகுமலை

*

பாலக்காடு
12-3-1957

அன்பான அக்காவுக்கு, நீ சுகமாக ஊர் சேர்ந்தாயா? போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றாய், இன்னும் காணோம். அம்மா எப்படி இருக்கிறாள்?

வராதே என்று எழுதினேன். நாலாம் நாள் பொள்ளாச்சி வண்டியில் நீ இறங்குகிறாய்! ராவுத்தர் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை, நேராகக் காலேஜ். ஆபீஸ் பியூன் 'சமயம் கழிஞ்ஞு, நாளெ வந்நா மதி' என்று, நேரம் முடிந்ததாகச் சொல்லி நாளைக்கு வரச் சொன்னபோது நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன் அக்கா. உன் பக்கத்தில் வந்து நிற்கக் கூசியது. நீ திரும்பிவிடுவாய் என்று நினைத்தேன். நீ திரும்பவில்லை. 'நான் நிக்கிறேன்யா, ஐயா வெளிய வரட்டும்' என்று சுவரோரம் நின்றாய். வெயில் முகத்தில் விழுந்தது, நீ நகரவே இல்லை.

உள்ளே போய் என்ன பேசினாய் என்று நீ சொல்லவில்லை. பியூனே சொன்னார். 'எங்க எஸ்டேட்டுல பேரு கூப்பிட்டு முடிஞ்சா அன்னைக்கு வேல கெடையாதுய்யா. பிந்தினா நின்னு கெஞ்சாதடான்னு சொல்லி அனுப்பினவ நான்தான். அவன் சோம்பேறி இல்லய்யா, சொன்னதக் கேட்டவன்யா' என்றாயாம். பிரின்ஸிபால் முதலில் சிரித்துவிட்டாராம். பிறகு சிரிக்கவில்லையாம். கடிதத்தில் நான் அவ்வளவு கவனமாக அதை விட்டுவிட்டு எழுதியும் நீ கண்டுபிடித்துவிட்டாய்.

இன்று ஹால் டிக்கெட் வந்துவிட்டது. கையில் வாங்கியதும் அழுகை வந்தது, கல்பாத்திப் பையன் பார்த்துவிட்டான். பார்க்கட்டும். திங்கட்கிழமை இங்கிலீஷ். பாஸாவேனா தெரியாது. ஆனால் உட்காரப் போகிறேன்.

உன் தம்பி,
அழகுமலை

*

சக்குபள்ளம்
15-3-1957

என் தம்பி அழகுமலைக்கு, நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். சேதி கேட்டு அம்மா லயம் முழுக்கச் சர்க்கரை கொடுத்துவிட்டாள். பாஸானபின் கொடுக்க வேண்டியது, சொன்னால் கேட்கிறாளா?

எழுதத் தாமதமாகிவிட்டது. ஊர் வந்த அன்றைக்கு நடந்ததைக் கேள். கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு குமுளி வந்து இறங்கும்போது விடிந்துவிட்டது. அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தும் பிரட்டு முடிந்துபோயிற்று. ஆட்கள் வரிசை கலைந்து மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாரப்பக் கங்காணி பென்சிலைக் காதில் செருகிவிட்டார். 'பிந்தியாச்சு பூமாரி, திரும்பிப் போ. நாளைக்கு வா' என்றார்.

கால் தானாகத் திரும்பியது. எத்தனை வருஷப் பழக்கம்! அப்பா செய்தது அப்பாவுக்குச் சரி. பேர் கூப்பிட ஒரே ஒரு தடவை உள்ள இடத்துக்கு அது சரி. அதையும் கம்பளியையும் ஒரே மூட்டையாகக் கட்டி உன் தலையில் வைத்தேனே என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். செபமாலையம்மாள் நீ பஸ் ஏறிய அன்றைக்கே சொன்னாள், 'வாயுள்ள புள்ள பொழச்சுக்கும்டி' என்று. நான்தான் காதில் வாங்கவில்லை.

நின்றுவிட்டேன். கங்காணி புருவத்தைத் தூக்கினார். 'என்ன, மொக்கையன் மக நிக்குற?' என்றார். உனக்குத் தெரியுமோ என்னவோ, அந்தச் சுவக்கீன் பயல் நீ எழுதிய நாளிலிருந்து காலையும் மாலையும் லயத்தில் நின்று ஒரே கத்தல். நண்டு சிண்டுக்குக் கூட அது மனப்பாடம். அதுதான் வாயில் வந்தது.

'மே ஐ கமின் சார்' என்றேன்.

போய்க்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. செபமாலையம்மாள் முதலில் சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்தார். 'என்ன கேக்குற?' என்றார். 'உள்ள வரலாமான்னு கேக்குறேன் கங்காணி' என்றேன். 'ஒங்கப்பன் கேக்க மாட்டான்' என்றார். 'நான் கேக்குறேன்' என்றேன்.

காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

அரைப் பேர் போட்டார், அரை நாள் கூலி. இருக்கட்டும், ஒன்றுமில்லாமல் திரும்புவதற்கு அரை மேல். திங்கட்கிழமை போய் நீ முழுதும் எழுது.

பேர் விழுந்த மகிழ்ச்சியில்,
உன் அக்காள் பூமாரி